நீருக்குள் வியர்ப்பவர்கள்

தருமபுரி மாவட்டத்தின் பாறை நிலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளில் கோடை விடுமுறை தோறும் சிறுவர்களின் குரல் எதிரொலிக்கும். முதுகில் சுரைக்குடுவையோ, காலம் மாறியபின் காலி நெகிழிக் கலனோ கட்டிக்கொண்டு நீந்தப் பழகுபவர்களுள் சிலர் பின்னாளில் போட்டிகளுக்கும் செல்வதுண்டு. கண் சிவக்க, விரல்நுனி சுருங்கக் கரையேறும் அவர்களிடம் 'தண்ணீர் குடித்தாயா?' என்று கேட்பார் அரியர். நீரிலேயே கிடந்தவனுக்குத் தாகம் ஏது என்பது ஊரார் எண்ணம்.

ஓடுபவனின் வியர்வை சட்டையை நனைத்துத் தன்னைக் காட்டிவிடும். நீந்துபவனின் வியர்வையோ சுரந்த கணமே நீரோடு கலந்துவிடுகிறது. வாய் ஓயாது நனைவதால் தாகமும் மந்தமாகிறது. மற்றொன்றும் உண்டு. கழுத்தளவு அமிழும்போது நீரின் அழுத்தம் கைகால்களின் குருதியை மார்பை நோக்கித் தள்ளுகிறது. நீர் மிகுந்துவிட்டதென உடல் மயங்க, சிறுநீரகங்கள் வழக்கத்தினும் மிகுதியாக வெளியேற்றுகின்றன. குளத்தில் இறங்கிய சற்று நேரத்தில் சிறுநீர் முட்டுவது இதனால்தான், பயிற்சிக்குச் சோம்பியன்று.

இவ்விழப்பை அறிய எடைப்பொறி ஒன்றே போதும். பயிற்சிக்கு முன்னும், முடிந்தபின் ஈரம் துடைத்தும் எடை பார்க்க வேண்டும். குறைந்த ஒரு கிலோ, ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். 50 கிலோ எடையுள்ள மாணவி அவ்வாறு 1 கிலோ இழந்தால் அது 2 விழுக்காடு. கைகள் தளர அதுவே போதும்.

ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டு, 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். கால்வாய் நீச்சலில் உடன்வரும் படகைத் தொடலாகாது; கோலிலோ கயிற்றிலோ நீட்டப்படும் பானத்தை மிதந்தபடியே பருக வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று அங்கு எவரும் காத்திருப்பதில்லை.

தருமபுரியில் பருகுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்த நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மேலும் மிகுந்தால் எலும்புகளும் நாளடைவில் இறுகும். மிகுதியாகப் பருகவேண்டிய நீச்சல் மாணவரின் உடலில் அவ்வுப்பும் மிகுதியாகவே சேரும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதன் நோக்கம் இக்கேட்டைத் தணிப்பதே. கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளோரைடு நீங்காது. நீந்தப் புறப்படும் பிள்ளையின் புட்டியைக் காவிரிக் குழாயிலேயே நிரப்பித் தருதல் நன்று.