சிவந்த இறாலும் சிதறிய ஒளியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வயலும் வாவியும் அவ்வூரார்க்கு உணவளிப்பன. வாவியிற் பிடித்த இறால் உயிரோடிருக்கையிற் சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய நிறத்தது. அடுப்பேறிய சிறிது நேரத்திற் செக்கச் சிவந்துவிடும். இதனை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். அச்சிவப்பு எங்கிருந்து வந்ததென வினவுவோர்தாம் அரியர். நெருப்பு அதனைக் கொடுக்கவில்லை. ஓட்டினுள்ளே அது முன்னரே இருந்தது. புரதமொன்று அதனை மறைத்து வைத்திருந்தது.

அஸ்டசாந்தின் என்பது அந்நிறப்பொருளின் பெயர். தனித்திருக்கையில் அது நீலப்பச்சை ஒளியையே பெரிதும் உறிஞ்சும். எனவே செந்நிறமாய்த் தோன்றும். இறாலின் உறவான ஐரோப்பியச் சிங்க இறாலின் ஓட்டிலோ, கிரஸ்டசயனின் என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொள்ள, உறிஞ்சலின் உச்சம் 632 நனோமீற்றருக்குப் பெயர்கிறது, ஓடு நீலமாகிறது. வெப்பம் புரதத்தின் மடிப்பைக் குலைத்ததும் பிடி தளர்ந்து சிவப்பு மீளும். ஆகவே, நிறம் மாறியது என்பதன் பொருள் புரதத்தின் வடிவம் மாறியது என்பதே. கண்ணுக்கெட்டாத மூலக்கூற்றின் உருவையும் அசைவையும் ஒளியைக்கொண்டு உசாவும் நிறமாலையியலின் அடிப்படை இச்சமையற் சட்டியிலேயே உள்ளது. ஆய்வுகூடத்தார் இதனைப் புரதத்தின் இயல்பிழப்பு என்பர். சமைப்போர் 'வெந்துவிட்டது' என்பர். பின்னையதே சுவையான சொல்.

உறிஞ்சல் மாத்திரம் முழுக்கதையையும் கூறாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், 1928இற் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு கண்ட சிதறல் இங்கே துணைவருகின்றது. மூலக்கூற்றிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறுபகுதி, அம்மூலக்கூற்றின் அதிர்வுக்கேற்பத் தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்ளும். அம்மாற்றத்தை அளந்தால் எப்பிணைப்பு இறுகியது, எது நெகிழ்ந்தது என அறியலாம். 1958இல் லைசோசைம் என்னும் புரதத்தின் இராமன் நிறமாலை வெளியாயிற்று. லேசர் ஒளி கைவந்தபின், 1970களிற் சிங்க இறாலின் நிறப்புரதங்களும் இம்முறையில் ஆராயப்பட்டன. புரதத்தின் பிடியிலே நிறப்பொருளின் இரட்டைப் பிணைப்புகள் வேறுவிதமாய் அதிர்வது தெரிந்தது.

2002இல், இரண்டு அஸ்டசாந்தின்களைக் கொண்ட கிரஸ்டசயனின் கூறொன்றின் பளிங்கமைப்பு எக்ஸ்-கதிர் கொண்டு தீர்க்கப்பட்டது. நிறப்பொருள் வளைந்தும், அதன் முனை வளையங்கள் சங்கிலியின் தளத்தோடு இசைந்தும் கிடந்தன. ஐயம் அத்தோடு அகன்றிருக்கவேண்டும். அகலவில்லை. பளிங்கு காட்டுவது பெரும்பாலும் அடங்கிய நிலையை. நிறமோ இலத்திரன்களின் இயக்கத்தாற் பிறப்பது. அந்நீலத்திற்கு வடிவம் எவ்வளவு காரணம், அயலிலுள்ள ஐதரசன் பிணைப்புகள் எவ்வளவு காரணம், நெருங்கிக் கிடக்கும் இரு நிறப்பொருள்களின் ஊடாட்டம் எவ்வளவு காரணம் என்று அறிஞர் அதன்பின்னரும் வாதிட்டு வந்துள்ளனர்.