சுகப்பிரசவமா, சிசேரியனா... அதற்குப் பிறகு?

ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து விடுவாள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம்தான். குழந்தை பிறந்த சேதி போனதும் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் வரும். "என்ன குழந்தை?" "நார்மலா, ஆபரேஷனா?"

மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்து அவள் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். அதன் பிறகு அவர்களுடைய தாம்பத்தியம் எப்படி இருக்கிறது, அவளுக்கு வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெற்ற தாயும் கேட்பதில்லை, பெரும்பாலும் டாக்டரும் கேட்பதில்லை.

ஆனால் கேட்காத கேள்விக்கும் ஊரில் தயாராக இரண்டு பதில்கள் உண்டு!

ஒன்று: "நார்மல்னா உடம்பு தளர்ந்து போயிரும், புருஷன் பொண்டாட்டி உறவு பழையபடி இருக்காது. ஆபரேஷன்னா அந்தப் பிரச்சனை இல்லை."

இரண்டு: "வயித்தைக் கிழிச்சா அவ்வளவுதான், உடம்புல பலமே இருக்காது. சுகப்பிரசவம்னா எல்லாம் தானா சரியாயிரும்."

இரண்டுமே பாதி உண்மை கூட இல்லை.

எத்தனை பேர் விஷயம் இது?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8 சதவீதம். அகில இந்திய அளவு 21.5 தான். தாய் சேய் மரணத்தைக் குறைக்க 10 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நஞ்சு கீழே இறங்கி வழியை மறைப்பது, குழந்தைக்கு மூச்சுத் திணறல், பிரசவம் பாதியில் நின்று போவது போன்ற நேரங்களில் சிசேரியன் இரண்டு உயிரைக் காப்பாற்றும். அங்கே யோசிக்கவே கூடாது. ஆனால் நல்ல நேரம் குறித்துக் கொடுத்து எடுப்பதும், "பின்னாடி உறவுக்கு நல்லது" என்று எடுப்பதும் வேறு கதை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் முதல் குழந்தை பெற்ற சுமார் 1,500 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2015-ல் வந்த முடிவு இது: பிரசவத்துக்குப் பின் முதல் முறை உறவு கொண்டபோது 85 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு வலி இருந்தது. 18 மாதம் கழித்தும் 23 சதவீதம் பேருக்கு வலி. கிழிசலோ தையலோ இல்லாமல் சுகப்பிரசவம் ஆனவர்களோடு ஒப்பிட்டால், சிசேரியன் ஆனவர்களுக்கும், வேக்குவம் வைத்துக் குழந்தையை எடுத்தவர்களுக்கும் அந்த வலி இருக்கும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. கத்தி பட்டது வயிற்றில்தானே, வலி ஏன் அங்கே என்று கேட்கத் தோன்றும். பிரசவத்தில் மாறுவது வழி மட்டும் அல்ல, மொத்த உடம்பும்!

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களை வைத்து 2022-ல் இன்னொரு ஆய்வு வந்தது. பிரசவத்துக்குப் பின் 18 வருடம் வரை பார்த்திருக்கிறார்கள். உறவில் கிடைக்கும் மகிழ்ச்சியிலோ, எத்தனை முறை என்பதிலோ சிசேரியனுக்கும் சுகப்பிரசவத்துக்கும் வித்தியாசமே இல்லை. 11-ஆம் வருடத்தில் வலி மட்டும் சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்று அதிகம்.

அப்படியானால் சுகப்பிரசவத்தில் சிக்கலே இல்லையா? உண்டு. இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது, கர்ப்பப்பை இறங்குவது இரண்டும் சுகப்பிரசவத்துக்குப் பின் அதிகம் என்று 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதிலும் ஆயுதம் போட்டு எடுத்தவர்களுக்கு கர்ப்பப்பை இறக்கமும் மலக்கசிவும் இன்னும் அதிகம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் தறிகளிலும் மில்களிலும் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கு, அடி இறங்கியது போன்ற பாரமும் கசிவும் சின்ன விஷயம் அல்ல. துணி நனைந்து விடுமோ என்று பயந்து கொண்டிருப்பவளுக்கு ராத்திரி ஆசை எங்கிருந்து வரும்?

ஆக, கசிவும் இறக்கமும் ஒரு பக்கம் கூடுதல், வலி இன்னொரு பக்கம் கூடுதல். "இதைச் செய்தால் தாம்பத்தியம் தப்பிக்கும்" என்று சொல்லும்படியான முறை எதுவும் கிடையாது.

வலி ஏன் வருகிறது?

தையல் போட்ட இடம் இறுகிப் போவது ஒரு காரணம். பிரசவ வழியைக் கத்தரித்துத் தையல் போடுவதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வலியுறுத்தியது. "எனக்கு அவசியம் என்றால் மட்டும் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உறுப்பு வறண்டு போகும். இது எந்த முறையில் பிரசவம் ஆனாலும் வரும். "உனக்கு என் மேல ஆசையே இல்ல" என்று கணவன் கோபிப்பது பல நேரம் இந்த வறட்சியைப் பார்த்துத்தான். அது அவள் மனசு சொல்லும் பதில் அல்ல, ஹார்மோன் செய்யும் வேலை.

பிறகு தூக்கமின்மை, மனச்சோர்வு, பயம். மெல்போர்ன் ஆய்வு இன்னொன்றும் சொன்னது: கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும், மிகவும் களைத்துப் போனவர்களுக்கும் வலி அதிகம். எந்த வழியாகக் குழந்தை வந்தது என்பதைவிட, வீட்டில் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் உடம்பில் தெரிகிறது!

என்ன செய்யலாம்?

1. உதிரப்போக்கு நின்று, புண் ஆறி, அவளுக்கும் விருப்பம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆறு வாரம் என்பது பொதுவான கணக்குதான், கெடு அல்ல. அம்மா வீட்டில் இருக்கும் மாதங்கள் இதற்கு நல்ல வசதி. ஆனால் அவள் திரும்பி வந்த அன்றே எல்லாம் சரியாகி விட்டது என்று கணவன் நினைத்தால் அந்த வசதி வீண்.

2. வறட்சிக்கு மருந்துக் கடையில் தண்ணீர் கலந்த வழுவழுப்பு ஜெல் கிடைக்கும். ஆணுறை போட்டால் தேங்காய் எண்ணெய் கூடாது, ஆணுறை கிழியும். மாதவிலக்கு திரும்பும் முன்னாலேயே கர்ப்பம் தரிக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

3. சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, சில விநாடி நிறுத்தி, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினமும் மூன்று வேளை. 1948-லேயே ஆர்னால்ட் கெகல் என்ற டாக்டர் எழுதி வைத்த பயிற்சி இது. வீட்டு வேலைக்கு நடுவிலும் செய்யலாம். வலி இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்குவது உதவாது.

4. மூன்று மாதத்துக்கு மேல் வலி, கசிவு, ஏதோ வெளியே தள்ளுவது போன்ற உணர்வு, காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமை இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்பது வைத்தியம் அல்ல.

பெண்ணின் ஆசையைப் பெண்ணே வாய் திறந்து பாடிய நாச்சியார் திருமொழி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுடையது. அதே ஊரில் இன்று ஒரு பெண் "வலிக்கிறது" என்று சொல்லக் கூச்சப்படுகிறாள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் நாளில் டாக்டரிடமோ நர்சிடமோ அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். அவளுக்கு வாய் வரவில்லை என்றால், கூடப் போகும் புருஷன் சொல்லலாமே!