மணிக்கொரு துடிப்பு

பிட்ஸ்பர்க், 1978. எர்ன்ஸ்ட் நோபிலின் ஆய்வகம். ரீசஸ் குரங்குகளின் மூளையில், ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியை அழித்தார்கள். அங்கிருந்து பிட்யூட்டரியைத் தூண்டும் ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோன் வருவது நின்றது. அது வராததால் பிட்யூட்டரி, விரையையும் சூலகத்தையும் இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் இரண்டையும் சுரக்கவில்லை. இழந்ததை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இடைவிடாமல் ஏற்றியபோது பலன் நிலைக்கவில்லை. மணிக்கு ஒருமுறை, 6 நிமிடம் மட்டும் ஏற்றியபோது சுரப்பு மீண்டது. அப்படி மீண்ட குரங்குகளுக்கு ஓயாமல் ஏற்றத் தொடங்கினால் திரும்பவும் வற்றியது. அளவைக் கூட்டிக் குறைத்ததால் வந்த விளைவு அல்ல. கொடுத்த விதத்தால் வந்தது.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது. மருந்து என்றாலே எத்தனை மில்லிகிராம் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். எவ்வளவு நேரம் விட்டு என்ற கேள்விக்கும் அதே மரியாதை தரவேண்டும்.

*

ஜிஎன்ஆர்ஹெச் 10 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். ஷாலி, கில்லெமின் என்ற இரு ஆய்வாளர்கள், முன்னவர் பன்றிகளின் ஹைப்போதலாமஸிலிருந்தும் பின்னவர் செம்மறிகளுடையதிலிருந்தும் போட்டி போட்டுப் பிரித்தெடுத்தார்கள். 1977இல் இருவருக்கும் நோபல். ரத்தத்தில் இதன் ஆயுள் சில நிமிடங்கள்தான். சீக்கிரம் அழிவதும் இதன் வேலையில் சேர்த்தி: அடுத்த துடிப்பு வருமுன், செல்லில் ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகள் காலியாகிவிட வேண்டும்.

*

ஹார்மோன் விடாமல் தூண்டும்போது செல்லின் மேற்பரப்பில் நடப்பதை, அட்ரினலினுக்கான பீட்டா ஏற்பியில்தான் மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அட்ரினலின் வந்து ஒட்டிய சில நிமிடங்களுக்குள், உள்ளே நீண்டிருக்கும் ஏற்பியின் வாலில் ஒரு கைனேஸ் நொதி பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அந்த இடத்தை பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதம் நெருங்க முடியாமல் போகிறது. ஹார்மோன் வெளியே ஒட்டியே இருக்கும், செய்தி உள்ளே போகாது. தூண்டல் தொடர்ந்தால் ஏற்பியே சவ்வோடு உள்ளே இழுக்கப்படும். சில, பாஸ்பேட் நீங்கி மேலே திரும்பும். சில லைசோசோமில் சிதைந்துபோகும். மணிக்கணக்கில் நீண்டால் புது ஏற்பிகளின் உற்பத்தியும் குறையும். டியூக் பல்கலைக்கழகத்தில் லெஃப்கோவிட்ஸ் குழு பல ஆண்டுகள் உழைத்து அவிழ்த்த முடிச்சு. அவருக்கும் சக ஆய்வாளர் கோபில்காவுக்கும் 2012இல் வேதியியல் நோபல்.

ஆனால் ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பி இந்தப் படத்தில் அடங்காது. மீனுக்கும் தவளைக்கும் அந்த ஏற்பியில் வால் உண்டு, நமக்கு இல்லை. வால் இல்லாததால் அரெஸ்டின் வழியாக உடனே மரத்துப்போவதும் இல்லை. மெல்ல மெல்லத்தான் உள்ளே போகிறது. நாள்கணக்கில் ஏற்பிகள் குறைந்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சமிக்ஞைப் பாதையும் தளர்ந்த பிறகே பிட்யூட்டரி ஓய்கிறது. எல்லா ஏற்பிகளுக்கும் ஒரே விளக்கம் எழுதும் பாடநூல்கள் இதைத் தாண்டிப்போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

*

இப்படி ஓயவைக்கவே ஜிஎன்ஆர்ஹெச்சை மாற்றிச் செய்த மருந்து லியூப்ரோலைடு. சரத்தின் 6ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் டி-லூசின். நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. ஏற்பியை இறுகப் பிடிக்கும். மாதத்துக்கு ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என, மெல்லக் கசியும் டெப்போ ஊசி. 1941இல் மருத்துவர் ஹக்கின்ஸ் புராஸ்டேட் புற்றுநோய்க்கு விரையை அகற்றிக் காட்டிய பலனை, இந்த ஊசி கத்தி இல்லாமல் தருகிறது. தூண்டும் மருந்துதான், விடாமல் தூண்டியே அடக்குகிறது.

அடங்குவதற்கு முன் ஒரு ஏற்றம் உண்டு. முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் கூடும். சுமார் மூன்று, நான்கு வாரத்தில்தான் தரைமட்டத்துக்கு இறங்கும். நோய் முதுகெலும்புக்குப் பரவியவருக்கு இந்த இடைக்காலம் ஆபத்தானது, தண்டுவடம் அழுந்தலாம். அதனால்தான் டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு போன்ற மாத்திரையை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். "ஊசி போட்ட பிறகு வலி கூடிடுச்சே டாக்டர், மருந்து ஒத்துக்கலையா?" என்று வீட்டார் பயந்துபோய்க் கேட்கும் நிலையை வரவிடக்கூடாது. ஊசிக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லவேண்டும்: கால் தளர்ந்தாலோ சிறுநீர் நின்றாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள் என்று. டெகாரெலிக்ஸ் ஏற்பியை நேராக அடைக்கும் மருந்து. அதில் இந்த ஏற்றம் இல்லை.

*

8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கும் சிறுமிக்கும், காரணம் மூளையிலிருந்து வந்தால், இதே வகை ஊசிதான். நிறுத்தினால் பிட்யூட்டரி சில மாதங்களில் பழையபடி விழித்துக்கொள்ளும். பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும். நிரந்தரமாக ஏதோ செய்துவிட்டோம் என்று தாய்மார் கலங்குகிறார்கள்.

ஹைப்போதலாமஸ் ஓய்ந்ததால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நேர்மாறு: சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்ஹெச் செலுத்தும் சிறு பம்ப். கருமுட்டை வெளிவருகிறது. நோபிலின் குரங்குகளிடம் கற்ற பாடம் அப்படியே.

*

அடுத்து எழுதவேண்டியது: பாராதைராய்டு ஹார்மோன். நாளுக்கு ஒரு டெரிபாரடைடு ஊசி எலும்பைக் கட்டுகிறது. அந்த ஹார்மோன் ரத்தத்தில் எந்நேரமும் மிகுந்திருந்தால் எலும்பு கரைகிறது. இதற்கு ஏற்பி மரத்துப்போவது மட்டும் காரணம் அல்ல, எலும்பைக் கட்டும் செல்லும் கரைக்கும் செல்லும் பேசிக்கொள்ளும் முறையும் சேர்கிறது. தனிக் குறிப்பாக எழுதவேண்டும்.