விசாரணையில இருக்கு

இருங்காட்டுக்கோட்டையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தபோது என் பின்னணிச் சரிபார்ப்பு பத்து நாளில் முடிந்தது. குடியுரிமை மனுவுக்கு ஐந்து வருஷமாக ஒரே பதில்: "விசாரணையில இருக்கு தம்பி."

இன்னும் என்ன விசாரிக்கணும்? 1984இல் மன்னாரிலிருந்து படகேறி வந்த அம்மா அப்பாவுக்கு முகாமில் பிறந்தவன் நான். மாதாமாதம் ஆள் கணக்கெடுப்பு, கையெழுத்து. வெளியே தங்கினால் கியூ பிரிவுக்குத் தெரியணும். என்னளவு சரிபார்க்கப்பட்ட ஆளை இந்த நாட்டில் தேடித்தான் பிடிக்கணும்.

சட்டம் பார்ப்பது தேதியை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த நளினிக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024இல் ஓட்டும் போட்டார். 2019 சட்டத்திருத்தத்திலோ இலங்கையே கிடையாது.

என் அக்கா 1986. நான் 1988. ரெண்டு பிரசவமும் பார்த்தது ஒரே நர்ஸம்மா.