எனக்கு நானே போட்ட மார்க்

உக்கிர தெய்வத்தை உபாசிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு காலத்தில் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்டதும் நான், பதில் எழுதியதும் நான், திருத்தி மார்க் போட்டதும் நான். நல்ல மார்க்தான். அந்த விடைத்தாளை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். சகிக்கவில்லை.

நான் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் பாலகாட்காரன். பாலகாட் என்பது ஒரு காலத்தில் அங்கே தனியாகத் தங்கம் எடுத்த கம்பெனியின் பெயர். கம்பெனி போன பிறகும் பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு மைனில் அண்டர்கிரவுண்ட் வேலை, எங்களுக்கு லைன் வீடு, காற்றடித்தால் சயனைட் மேடு என்கிற சுரங்கக் கழிவு மேட்டின் மண் சோற்றில் விழும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது, நான் ஏற்கெனவே மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் கூட்டத்தில் ஒருவன். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால் படிக்க நிறைய நேரம் இருக்கும். தந்திர சாஸ்திரம் எனக்கு அந்த ரயிலில்தான் அறிமுகமாயிற்று.

முதலில் படித்தது ஆர்தர் அவலான் என்ற பெயரில் எழுதிய ஜான் உட்ராஃப். கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவர். 1913இல் மகாநிர்வாண தந்திரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். மனிதரைப் பசு, வீரன், திவ்யன் என்று மூன்றாகப் பிரிக்கும் கணக்கை அவர் வழியாகத் தெரிந்துகொண்டேன். படித்து முடிப்பதற்குள் நான் வீரன் என்று முடிவாகிவிட்டது. வீர நிலையில் இருப்பவனுக்குத்தானே காளியும் பைரவியும் சின்னமஸ்தாவும்? பிறகு திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தைப் புரட்டினேன். வயிரவி மந்திரம், நவாக்கரி சக்கரம் என்று அங்கேயும் அதே உலகம். தமிழிலேயே இருக்கிறது என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

குலார்ணவ தந்திரம் எட்டுக் கட்டுகளைச் சொல்கிறது. வெறுப்பு, வெட்கம், பயம், துக்கம், அருவருப்பு, குலம், சீலம், சாதி. பசு என்றால் இந்த எட்டிலும் கட்டுண்டு கிடப்பவன். இந்தப் பட்டியலைத்தான் என் கேள்வித்தாளாக வைத்துக்கொண்டேன். ஆனால் எட்டில் பயம் என்ற ஒன்றுக்கு மட்டுமே பதில் எழுதினேன். அதற்கே முழு மார்க்கும் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பதிலும் என்னுடையதல்ல. நான் ஒருநாள்கூடச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவனில்லை. கேஜில் ஏறி இருட்டுக்குள் போனவர் அப்பா. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே, அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை லைனில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தால் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள், யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று விசாரித்துக்கொண்டு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்குச் சுடுகாடு என்ன பயம் என்று நினைத்தேன். அப்பா உயிரைக் கையில் பிடித்துச் சம்பாதித்த தைரியத்தை உட்கார்ந்த இடத்தில் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

வெட்கம், அருவருப்பு, குலம், சாதி போன்ற மீதிக் கேள்விகளைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். விடை தெரியாமல் அல்ல.

எங்கள் லைனில் மாரியம்மன் உண்டு. ஆடியில் கூழ், கரகம், கிடா வெட்டு. உடுக்கைச் சத்தம் ஏறும்போது என் அம்மாவுக்குச் சாமி வரும். தலைமுடி அவிழ்ந்து, நாக்கு கடிபட்டு, ஆம்பளைக் குரலில் பேசுவாள். சின்ன வயசில் எனக்கு அம்மை போட்டபோது, பிள்ளை பிழைத்தால் அவனே தீச்சட்டி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டாள். நான் எடுக்கவில்லை. எனக்காக அவள்தான் எடுத்தாள். அவள் கையில் சட்டி, நான் கோரமண்டல் ஸ்டேஷனில், எப்போது எல்லாம் முடியும் என்று கணக்குப் பார்த்தபடி. கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எப்போதும் வெளியூரில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அதே காலத்தில் ரயிலில் ஆவேசம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தெய்வம் உடம்பில் இறங்குவதை அந்த நூல்கள் எவ்வளவு உயரத்தில் வைத்துப் பேசுகின்றன! பென்சிலால் அடிக்கோடு போட்டேன். வீட்டுத் திண்ணையில் நடந்தபோது மட்டும் அது எனக்குக் காட்டுமிராண்டித்தனமாக இருந்தது. சமஸ்கிருதத்தில் இருந்தால் ஆவேசம், அம்மாவிடம் இருந்தால் சாமியாட்டம்.

இதற்குத் தாத்தாவையும் துணைக்கு இழுத்தேன். அவர் அயோத்திதாசப் பண்டிதர் வழியில் வந்த பௌத்தர். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றியிருந்தது. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை பின்னாளில் ஜி. அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. தாத்தா உயிர்ப்பலி கூடாது என்பார். அம்மன் என்பவள் நம் பழைய பௌத்தப் பிக்குணி என்று பண்டிதர் எழுதியதைச் சொல்லிக் காட்டுவார். அது ஒரு சமூகம் தன் மானத்துக்காகத் தேடிக் கண்டெடுத்த வாசிப்பு. நானோ அதை என் வெட்கத்தை மூட எடுத்துக்கொண்டேன். கிடா வெட்டு வேண்டாம் என்று தாத்தா சொன்னது ஆட்டுக்காக. நான் சொன்னது அந்த வாடை என் சட்டையில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு பெங்களூரில் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். தீட்சை கேட்டு வருகிறவனை ஒரு வருஷமாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தந்திர நூல்களின் பொது விதி. சில நூல்களில் அந்தச் சோதனைக் காலம் வருணம் இறங்க இறங்க நீண்டுகொண்டே போகும். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தப்பில்லை, இன்றைக்கும் அது போகவில்லை. ஆனால் அந்த மனுஷர் என்னிடம் சாதி கேட்கவே இல்லை. கேட்டது வேறு.

“தம்பி, உங்க வீட்டுல என்ன அம்மா?”

“எங்க வீட்டுல அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதுங்க ஐயா” என்றேன். சொந்த ஊர் பெங்களூர்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் நம்பினார். கணபதி மந்திரத்தில் தொடங்கி, பாலாவுக்குப் போகலாம், உக்கிர மூர்த்தி பற்றிய பேச்சே இப்போது வேண்டாம் என்றார். பாலா சின்னப் பெண் குழந்தை வடிவம். ஸ்ரீவித்யை மரபில் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். எனக்கோ அவமானமாக இருந்தது. வீரனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிறாரே என்று. அவரிடம் போவதை மெல்ல நிறுத்திவிட்டு, ஒரு புத்தகத்திலிருந்து காளி மந்திரத்தை நானே எடுத்துக்கொண்டேன். எழுத்துக்கு லட்சம் ஜபம், அதில் பத்தில் ஒரு பங்கு ஹோமம், அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம் என்று போகும் புரச்சரணக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தானே. நோட்டுப் போட்டுக் குறித்து வைத்தேன்.

தூக்கம் போயிற்று. வீட்டில் எரிந்து விழுந்தேன். மனைவி என் அறைக்கு வருவதையே விட்டுவிட்டாள். தகுதியில்லாதவன் தொட்டதால் காளி தண்டித்தாள் என்று கதை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது, அவள் என்னைக் கவனித்தாள் என்ற பெருமை. ராத்திரி தூங்காமல், சாப்பாட்டைக் குறைத்து, மனசில் ஒருவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

அந்த ஒருவன் யார் என்பதும் சொல்ல வேண்டியதுதான். ஒரு அமாவாசையன்று கும்பகோணம் பக்கத்தில் ஐயாவாடிக்குப் போனேன். பிரத்தியங்கிரா தேவிக்கு அங்கே நிகும்பலா யாகம் நடக்கும். வற்றல் மிளகாயை அக்கினியில் கொட்டுவார்கள். கோர்ட் வழக்கு, கடன், பில்லி சூனிய பயம் என்று வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். எதிரி ஒழிய வேண்டும் என்று வாய்விட்டே வேண்டினார்கள். நான் ஞானத்துக்காக வந்தவன் என்ற முகத்தோடு ஒதுங்கி நின்றேன். கண்ணை மூடியதும் என் ஆபீஸ் மேலதிகாரி வந்து நின்றார். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்தவர். அவர் கெட வேண்டும் என்பதுதான் என் ஜபம். அந்தக் கூட்டம் அதைச் சத்தமாகச் சொன்னது, நான் நோட்டுப் போட்டுச் செய்தேன்.

ராமகிருஷ்ணர் சரித்திரத்தை அப்போது மறுபடி படித்தேன், ஆறுதலுக்கு. 1861இல் தட்சிணேஸ்வரத்துக்கு வந்த பைரவி பிராமணி என்ற பெண்தான் அவரைத் தந்திர சாதனைகளில் நடத்தினார். சில இடங்களில் அருவருப்பில் அவர் தயங்கியதை வரலாறு எழுதியவர்கள் மறைக்கவில்லை. அவருக்கே தயக்கம் இருந்ததே என்று நான் சமாதானம் அடைந்தேன். வசதியான சமாதானம். அவர் தயங்கியது குருவின் கண்முன்னால். என் தயக்கம் யாருக்கும் தெரியாது. அவருக்கு எதிரே இருந்தது பிணத்தசை, எனக்கு எதிரே இருந்தது அம்மா வைத்த கிடாக்கறிக் குழம்பு.

என்னைக் கடைசியில் மடக்கிப்போட்டது கோலாரம்மன் கோயில். அதுவும் ஒரு கூழ் ஞாயிறுதான். லைனில் உடுக்கை அடிக்கத் தொடங்குமுன் பஸ் ஏறிக் கோலாருக்குப் போய்விட்டேன். நாகரிகமான கோயில், சோழர் கட்டடம், சரித்திரம் உள்ளது, அங்கே உட்கார்ந்து தியானம் செய்யலாம் என்று. சோழர் காலத்தில் அந்த ஊர் குவளாலம், அம்மன் பிடாரியார். முதலாம் இராசேந்திரன் காலத்தில் செங்கல் கோயில் கற்கோயிலாயிற்று. முதலாம் குலோத்துங்கனின் ஆரம்ப ஆட்சியாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே எதற்கு எவ்வளவு நெல் என்று வரிசையாகச் சொல்கிறது. யோகினி பூசைக்கு உண்டு, மதுவுக்கு உண்டு, இலக்கணமும் யாமளமும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் உண்டு. யாமளம் என்பது உக்கிர தேவியர் வழிபாட்டுத் தந்திரம். தெற்கே அந்த மரபில் பத்திரகாளிக்குப் பூசை செய்தவர்கள் பிராமணரல்லாத பூசாரிகள்.

இந்தக் கல்வெட்டுச் செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது உறைக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பிடாரி, மது, பிராமணரல்லாத பூசாரி. ரயிலில் நான் தேடியது மொத்தமும் வீட்டுக்குப் பின்னாலேயே உடுக்கையோடு இருந்தது. அதிலிருந்து தப்பித்துத்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்த பிறகாவது திரும்பினேனா என்றால், இல்லை. உடனே பஸ் ஏறியிருந்தால் கரகம் வீடு சேர்வதற்குள் போயிருக்கலாம். பக்கத்தில் தேள்கடிக்கு வேண்டிக்கொள்ளும் சேளம்மா சன்னதியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஓட்டலில் காபி குடித்துவிட்டு, எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினேன்.

ஜபத்தை அந்த மாதத்தோடு நிறுத்தினேன். பெரியவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். சொல்லவில்லை. தீச்சட்டிக் கடன் அப்படியே இருக்கிறது. முட்டி வலி என்று இப்போது ஒரு நல்ல காரணமும் கிடைத்திருக்கிறது.

அம்மாவிடம் மட்டும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இத்தனை வருஷமாக நானும் காளிக்குத்தான் ஜபம் செய்தேன் என்று. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ கூழு ஊத்தற அன்னிக்கெல்லாம் எங்கடா போன?”

“ஆபீஸ்ல வேலை இருந்துச்சும்மா” என்றேன்.