கட்டைவிரலுக்குக் கீழே

2016 ஆனி மாதம், தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் பொய் சொன்னேன். என் கையில் ஒரு சாண் நீளத்தில் தகரக் கப்பல் இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் என் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தேன். விரலுக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு ஆங்கிலச் சொற்கள். பக்கத்தில் நின்ற பேரன் ஏழாவது படிக்கிறவன், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவான். அவன் வாசித்துவிடக் கூடாது என்றுதான் அந்த விரல்.

"இது என்ன தம்பி போகும்?" என்று கேட்டார்.

"பழைய இரும்புக்கடைல பத்து ரூபாகூடத் தரமாட்டான் பெரியம்மா. எனக்கு இதுல ஒரு ஆசை, அதான் கேக்குறேன்" என்றேன். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். பேரனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டக் குறைகிறது என்று அதற்குச் சற்று முன்தான் சொல்லியிருந்தார். அது காதில் விழுந்த பிறகுதான் முந்நூறு என்று வாயைத் திறந்தேன். கிளம்பும்போது, "சரி பண்ணி எடுத்துட்டு வர்றேன் பெரியம்மா, பேரனுக்கு ஓட்டிக் காட்டுறேன்" என்றும் சொன்னேன்.

அந்த நான்கு சொற்கள், 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்'. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் 1952 ஏப்ரல் வரை நேச நாடுகளின் பிடியில் இருந்தது. 1947-இல் வெளிநாட்டு வணிகம் மறுபடி திறந்ததிலிருந்து 1952 வரை ஏற்றுமதியான பல பொருள்களில் இப்படி முத்திரை இருக்கும். ஆக, ஒரு பொம்மையின் வயதை ஐந்து ஆண்டுகளுக்குள் அடக்கிச் சொல்லிவிடலாம். தகரமே கிடைக்காத அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் தின்றுவிட்டுப் போட்ட டப்பாக்களைப் பொறுக்கி, தட்டி நிமிர்த்திப் பொம்மை செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். பழைய பொம்மை சேர்க்கிறவர்கள் இந்த முத்திரையைத் தேடி அலைவார்கள். எனக்கு அது தெரியும். ஒரு வாரத்துக்குள் சென்னையில் ஒருவர் ஒன்பதாயிரம் தருகிறேன் என்றார். நான் விற்கவில்லை. விற்காததை என் நேர்மை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டு வயதில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக் கடைத்தெருவில் மாமா ஒரு தகரக் கப்பல் வாங்கித் தந்தார். நம்மூர்ச் செய்முறை. உள்ளே எட்டிப் பார்த்தால் பழைய எண்ணெய் டின்னின் எழுத்து பாதி தெரியும். பின்பக்கம் இரண்டு குழாய். இங்க் பில்லரால் அதில் தண்ணீர் ஏற்ற வேண்டும், மறு குழாயில் சொட்டு வந்தால் நிரம்பியது என்று கணக்கு. தீக்குச்சி அகலத்தில் ஒரு தகரக் கரண்டி, அதில் தேங்காயெண்ணெய், ஒரு நூல்திரி. பற்றவைத்து உள்ளே தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். முதலில் ஒரு 'டப்'. அப்புறம் இரண்டு. அப்புறம் விடாமல் டப டப டப டப என்று கப்பல் கிளம்பிவிடும்.

எங்கள் ஊரான பாம்பனில் நல்ல தண்ணீருக்கு எப்போதும் பாடுதான். கடல்தண்ணீரில் விட்டால் உப்பு குழாயை அடைத்துவிடும். அதனால் அம்மா ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் குடத்துத் தண்ணீர் ஊற்றித் தருவாள். விளையாடி முடித்ததும் அதே தண்ணீரில் பாத்திரம் கழுவுவாள். எண்ணெய்ப்புகை வாசனையும் விரல்நுனியில் சுட்ட கொப்புளமும் இன்றைக்கும் எனக்கு அந்தத் தாம்பாளத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அந்த டப டப சத்தம்தான் கப்பலின் உயிர். குழாய்கள் போய்ச் சேர்கிற இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு கொதிகலன் இருக்கிறது. அதன் மேல்மூடி காகிதம்போல் மெல்லிய பித்தளைத் தகடு. சுடர் பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது தகடு மேலே உப்பும், குழாயில் இருக்கிற தண்ணீர் பின்னால் பீய்ச்சும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தகடு உள்ளே அமுங்கும், வெளித்தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தள்ளும்போது தண்ணீர் ஒரே திசையில் பாய்கிறது. இழுக்கும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. இந்த வித்தியாசத்தில்தான் கப்பல் முன்னே போகிறது. தகடு ஒவ்வொரு முறை உப்பி அமுங்கும்போதும் ஒரு டப். 1891-இல் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் இந்த மாதிரிக் கப்பலுக்குக் காப்புரிமை கேட்டார். தகடு வைத்த வகைக்கு 1916-இல் அமெரிக்காவில் மெக்ஹியூ என்பவர் வாங்கினார்.

அமெரிக்காவில் என் வயதுக்காரர்களுக்கு இதேபோல் இன்னொரு தகரம். டியூடர் என்ற கம்பெனிக்காக நார்மன் சாஸ் 1940களின் கடைசியில் செய்த, மின்சாரத்தில் ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம். மேசைமேல் வைக்கிற தகர மைதானம். சுவிட்சைப் போட்டால் முழுத் தகடும் நடுங்கும், அதன்மேல் நிற்கிற குட்டி ஆட்டக்காரர்கள் நகர்வார்கள். சொன்ன பக்கம் போக மாட்டார்கள், ஒரே இடத்தில் சுற்றுவார்கள், ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இருந்தும் அந்தத் தகடு உறுமுகிற சத்தத்துக்காக, தலை நரைத்த பிறகும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் என் வீட்டில் சத்தமே இல்லை. நாற்பதுக்கு மேல் கப்பல் சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தண்ணீரைத் தொட்டதில்லை. தீ பட்டால் வண்ணம் கருகும், தண்ணீர் பட்டால் துரு ஏறும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் தகரம் தானாகவே பொரிந்துவிடும் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்தேன். தங்கச்சிமடத்துக் கப்பலுக்கு இரண்டு பூச்சு. உள்ளே கொதிகலன் மூடிவரை பிரஷ்ஷை நுழைத்து அடித்தேன்.

போன தை மாதம் பாம்பன் மீன் மார்க்கெட்டில் அந்தப் பேரன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். இப்போது விசைப்படகில் போகிறான். "அப்பத்தா அந்தக் கப்பலக் கேட்டுக்கிட்டே இருக்குண்ணே. கண்ணு சுத்தமாப் போயிருச்சு" என்றான். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு மேல் நான் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கப்பலை எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கே" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அவருடைய அய்யா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை தலைமன்னாரிலிருந்து ஸ்டீமர் ஏறித் தனுஷ்கோடிக்கு வருவார். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயர்கூடப் பெரியம்மாவுக்கு மறக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஆறு வயதிருக்கும்போது அய்யா இதைக் கொண்டுவந்து, தனுஷ்கோடி வீட்டு வாசலில் மண்சட்டியில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். 1963-இல் பெரியம்மா கல்யாணமாகித் தங்கச்சிமடம் வரும்போது டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மறுவருஷம் டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிப் புயலில் வீடும் இல்லை, அய்யாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

"எங்கய்யா கை பட்டதுன்னு இது ஒண்ணுதான் தம்பி."

2016-இல் இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இது யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என் கவனம் முழுக்க விரலுக்குக் கீழே இருந்தது.

பேரன் தாம்பாளம் கொண்டுவந்தான். திரியைப் பற்றவைத்தேன். என் கை நடுங்கியது. வார்னிஷ் கருகுகிற நாற்றம் வந்தது, கப்பல் மெல்ல அசைந்தது, அப்புறம் ஊர்ந்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சத்தம் இல்லை. இரண்டு பூச்சில் தகடு விறைத்துப்போய், உப்பவும் மாட்டாமல் அமுங்கவும் மாட்டாமல் கிடந்தது. பெரியம்மா காதைத் தாம்பாளத்துப் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுது பெரியம்மா."

"சத்தத்தக் காணோமே. எங்கய்யா விட்டா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

பேரன் அவர் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தான். கப்பல் வந்து விரலில் முட்டி நின்றது. திரும்பவும் நகர்ந்து, திரும்பவும் முட்டியது.

ஒன்பதாயிரத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்துப் போனேன், சட்டைப்பையில் பணமும் இருந்தது. சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். கப்பலையாவது அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் துணியில் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தேன். தகட்டிலிருக்கிற வார்னிஷை எடுக்கத் தின்னர் ஊற்ற வேண்டும். தின்னர் வழிந்தால் மேல்தளத்து வண்ணம் போய்விடும். அந்த நிமிஷத்தில்கூட எனக்கு முதலில் தோன்றியது அந்த வண்ணம்தான்.

"சரி பண்ணி எடுத்துட்டு வர்றேன் பெரியம்மா" என்றேன்.

"எடுத்துட்டு வா தம்பி" என்றார். இதை எழுதுகிற இன்றோடு ஐந்து மாதம்.