எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஐயா

1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வானத்தில் காத்திருக்க வைக்கப்பட்டது. கென்னடி விமான நிலையத்தில் இறங்க முயன்று, முடியாமல் மேலெழுந்தது. இரண்டாம் முயற்சிக்கு எரிபொருள் போதவில்லை. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விமானம் தீப்பற்றவில்லை, எரிவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

கடைசி நிமிடங்களின் உரையாடல் பதிவை ஒரு தமிழாசிரியையின் கண்ணோடுதான் வாசித்தேன். அவசரநிலை என்று சொல்லச் சொல்கிறார் கேப்டன். துணை விமானியோ கட்டுப்பாட்டு அறை சொன்ன திசையை முதலில் ஒப்புக்கொள்கிறார், மறுபடி முயல்கிறோம் என்கிறார், வாக்கியத்தின் வாலில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்க்கிறார். பதில்: ஓகே. சொன்னாயா என்று கேப்டன் கேட்கிறார். சொல்லிவிட்டேன் ஐயா என்கிறார். பிறகு கட்டுப்பாட்டாளர், வடகிழக்கே 15 மைல் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கேட்கிறார். அதற்கும் பதில் பணிவாகவே வருகிறது: அப்படித்தான் நினைக்கிறேன், மிக்க நன்றி.

அந்த 'மிக்க நன்றி'யைத் தாண்டி என்னால் வெகுநேரம் நகர முடியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பறக்கும் எல்லா விமானத்திலும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வழியைத் திறக்கும் சொல் 'அவசரநிலை'. அது கடைசிவரை கட்டுப்பாட்டு அறைக்குப் போகவில்லை. எரிபொருளைக் கணக்கிட்டுச் செலவழிக்காததையும் அவசரநிலையை அறிவிக்காததையும் விமானக் குழுவின் தவறுகளாகச் சொன்ன விசாரணை அறிக்கை, எரிபொருள் நிலையைச் சொல்ல எல்லோருக்கும் பொதுவான தெளிவான சொற்கள் இல்லாததையும் குறிப்பிட்டது.

விபத்துக்குள்ளான விமானங்களின் உரையாடல்களை ஆராய்ந்து 1988இல் கட்டுரை எழுதிய மொழியியலாளர் சார்லட் லிண்ட், கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பேசும்போது சொல்லை மழுக்குகிறார் என்றும், அப்படி மழுக்கப்பட்ட சொல் ஏற்கப்படாமல் போவதே அதிகம் என்றும் காட்டினார். 'என்று நினைக்கிறேன்', 'இல்லையா?' போன்ற தயக்கங்களைப் பெண்களின் மொழி என்று ராபின் லேக்காஃப் 1970களில் எழுதினார். இங்கே அதே மொழியில் பேசுபவர் ஓர் ஆண். ஆக, இது பெண்ணின் இயல்பு அல்ல; கீழே நிற்பவரின் மொழி. அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டதால் நமக்கு அது தாய்மொழியைப்போல ஆகிவிட்டது.

என் சித்தி ஒரு காலையில் சித்தப்பாவிடம் சொன்னாராம்: "நெஞ்சு ஒருமாதிரி அடைக்கிற மாதிரி இருக்குங்க. சமையலை முடிச்சிடுறேன், உங்களுக்கு வேலை இல்லேன்னா ஒரு எட்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்துடலாமா?" சித்தப்பா சொன்னது: "சாயங்காலம் போலாம்." சித்தி சொன்னது: "சரிங்க." மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. இழவு வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள்: "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

சித்தி வாயைத் திறந்துதான் சொன்னார். ஒரே வாக்கியத்தில் சமையலையும் கணவரின் வேலையையும் முன்னால் நிறுத்திவிட்டு, தன் உயிரைக் கடைசியில் கேட்டார்.

குறிப்பால் உணர்த்துவதன் அழகை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். அகப்பாட்டில் தோழி உள்ளுறையாகப் பேசலாம். கேட்பவர் உணர்ந்துகொள்வார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மரபே நிற்கிறது. கேட்கும் மனம் இல்லாத இடத்தில் குறிப்பு வெறும் ஓசை.

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் மூடுபனியில், ஓடிக்கொண்டிருந்த கேஎல்எம் விமானத்துக்குள் விமானப் பொறியாளர், அந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். மறுபடி யாரும் கேட்கவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

விமானத்துறை இதிலிருந்து கற்றது நமக்கு முக்கியம். கீழே இருப்பவர்களிடம் 'தைரியமாகப் பேசு' என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. துணை விமானியின் ஐயத்தைக் காதுகொடுத்துக் கேட்க, 1980களிலிருந்து கேப்டன்களுக்கும் பயிற்சி வந்தது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, மேலெழ அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்றானது. 2012இல் உலக அளவில் இரண்டு தொடர்கள் நிலைபெற்றன. 'மினிமம் ஃப்யூயல்' என்றால் இனித் தாமதம் தாங்காது. 'மேடே ஃப்யூயல்' என்றால் ஆபத்து. சொல்பவர் யார், குரலில் பதற்றம் இருந்ததா என்று கேட்பவர் எடைபோடத் தேவையில்லை.

நம் வீடுகளில் அப்படி ஒரு சொல் உண்டா? உரக்கச் சொன்னால் வாயாடி. மெல்லச் சொன்னால் 'சொல்லவே இல்லையே'. என் மாணவிகள் மேடையில் பேசப் பயிற்சி பெறுகிறார்கள், நல்லதுதான். அவர்களின் அண்ணன்களுக்கும் அப்பாக்களுக்கும் கேட்கும் பயிற்சியை எந்தக் கல்லூரி தருகிறது?

சித்தி மகள் போன மாதம் ஒன்று சொன்னாள். இப்போதெல்லாம் அவள் "ஒருமாதிரி இருக்குப்பா" என்றால், சித்தப்பா கையிலிருக்கும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒருமாதிரின்னா எப்படி? எங்க வலிக்குது?" என்று கேட்கிறாராம். சித்தியிடம் அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.